பிள்ளைகளுக்குத் தெரிந்தே பார்ப்பது

அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவள் என்பதால், தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளை போன் கேட்கும் வயதுக்கு வந்ததும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளைக்குத் தெரியாம எல்லாத்தையும் பார்க்கிற மாதிரி ஒரு ஆப் சொல்லுங்க." மெசேஜ், போட்டோ, யாரோடு பேசுகிறாள், எங்கே இருக்கிறாள், எல்லாம் தெரிய வேண்டும். அந்தப் பயம் எனக்குப் புரியாததல்ல. என் வீட்டிலும் 14 வயதில் ஒரு மகள், 9 வயதில் ஒரு மகன். ஆனாலும் அப்படி ஒரு ஆப்பை நான் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஏன் என்பதையும், எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்து கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

முதலில் தொழில்முறைக் காரணம். ஒளிந்திருந்து பார்க்கும் ஆப் என்றால், பிள்ளையின் மெசேஜும் படமும் முதலில் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் பெற்றோருக்கு வரும். அந்த சர்வரை யார் காக்கிறார்கள்? டீன்சேஃப் என்று ஒரு கண்காணிப்பு ஆப் இருந்தது. 2018 மே மாதம், அதன் சர்வர்கள் இணையத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது தெரியவந்தது. பெற்றோரின் மின்னஞ்சலோடு, பிள்ளைகளின் ஆப்பிள் ஐடியும் பாஸ்வேர்டும் அப்படியே படிக்கும்படி அதில் இருந்தன. அந்த ஆப் வேலை செய்ய, பிள்ளையின் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) அணைத்து வைக்க வேண்டும் என்பது கூடுதல் கொடுமை. பிள்ளையைக் காக்கப் போட்ட பூட்டு, யாரோ முகம் தெரியாதவனுக்குச் சாவியாகிவிட்டது.

இரண்டாவது காரணம் வீட்டுக்குள் இருப்பது. ஒளிந்து படித்த ஒன்றை வைத்து என்ன செய்வீர்கள்? கண்டிக்க வாயைத் திறந்த அந்த நிமிடமே, நீங்கள் படிப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவள் தோழியின் போனில் கணக்கு திறப்பாள், நீங்கள் பார்ப்பதற்கென்றே ஒரு போனைச் சுத்தமாக வைத்திருப்பாள். பேசாமல் இருந்தாலோ, படித்தும் பயனில்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: எதைப் பார்க்கிறோமோ அது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதைப் பார்ப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வைஃபை தரும் ரவுட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியை எடுத்துத் தருவது டிஎன்எஸ் என்ற சேவை. ரவுட்டரில் வேறெதையும் மாற்றாமல், டிஎன்எஸ் கட்டத்தில் மட்டும் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் போட்டுப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று திறந்த இலவச சேவை இது. ஆபாசத் தளங்களும், வைரஸ் பரப்பும் தளங்களும் அதில் திறக்காது. கடைசி எண் 3-க்குப் பதில் 2 என்று போட்டால் வைரஸ் தளங்கள் மட்டும் தடுக்கப்படும். வீட்டிலுள்ள எல்லா போனுக்கும் டிவிக்கும் ஒரே இடத்தில் செய்து முடிக்கிற வேலை. என் மகன் தேடலில் எழுத்துப் பிழையோடு எதையோ தட்டி, போகக் கூடாத இடத்தில் போய் நிற்பதை இது பெருமளவு தடுக்கிறது. அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

வேண்டுமென்றே தேடிப் போகிறவரை இது நிறுத்தாது. போனின் சொந்த டேட்டாவுக்கு மாறினால் ரவுட்டருக்கு அங்கே வேலையில்லை. பிரவுசரிலேயே வேறு டிஎன்எஸ் வைத்துக்கொள்ளலாம், போக்குவரத்தையே மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போடலாம். இதையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து மறைத்துப் பயனில்லை, பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள்.

ரவுட்டர் பதிவில் என்ன தெரியும் என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கத்தோடுதான் வருகின்றன. எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது தெரியும். அங்கே என்ன பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. யூடியூப் என்று இருக்கும், எந்த வீடியோ என்று இருக்காது. எனக்கு அந்த அளவே போதும். ராத்திரி பத்து மணிவரை மகள் போனிலேயே இருந்தாளா என்று தெரிந்தால் அவள் தூக்கத்தைப் பற்றிப் பேசலாம். அவள் தோழியிடம் என்ன சொல்லி அழுதாள் என்பது எனக்கு வேண்டாம்.

ராத்திரி பத்து மணிக்கு எங்கள் வைஃபை நின்றுவிடும், பெரியவர்கள் போனுக்கும் சேர்த்து. (இதில் என் கணவர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிள்ளைக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்றால் நிற்காது என்று நான் விடவில்லை.) ரவுட்டரில் எங்கள் கருவிகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்குத்தான் இந்த நேரத்தை வைத்திருக்கிறோம். ஒரு சமயம், அந்தப் பட்டியலில் பெயரில்லாத கருவி ஒன்று பத்து மணிக்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் மகளின் போன். அவளைக் கேட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே அவள் எதையும் செய்யவில்லை. ரவுட்டர் ஒவ்வொரு கருவியையும் அதற்கென்று உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும், யாரும் பின்தொடராமல் இருக்க, போன்கள் அசல் முகவரியைக் காட்டாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. வெளியிடங்களில் இது நல்ல பாதுகாப்பு. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வைத்தால் நேரக் கட்டுப்பாடு மறுபடி பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் பத்து மணிக்குப் பிறகும் ஏதாவது ஓடினால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இந்த செட்டிங்கைப் பாருங்கள்.

ரவுட்டரைவிட முக்கியமாக நான் எல்லாரிடமும் பார்க்கச் சொல்வது ஒன்று உண்டு: பிள்ளையின் ஒவ்வொரு கணக்கிலும் என்ன பிறந்த வருடம் பதிவாகியிருக்கிறது?

13 வயது என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று பெற்றோரைக் கேட்டால், அந்த வயதில் பக்குவம் வந்துவிடும் என்று யாரோ நிபுணர்கள் முடிவு செய்ததாக நினைத்திருக்கிறார்கள். அது அமெரிக்காவில் 1998-இல் இயற்றி, 2000-இல் நடைமுறைக்கு வந்த கோப்பா என்ற சட்டத்திலிருந்து வந்த எண். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். சம்மதம் வாங்குகிற வேலைக்குப் பயந்து நிறுவனங்கள் "13-க்குக் கீழே அனுமதி இல்லை" என்று எழுதிவிட்டன. பிள்ளையின் மனசுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

பத்து வயதுப் பிள்ளை கணக்கு திறக்கும்போது, 13 என்று மட்டுமா பொய் சொல்கிறது? விரல் போன போக்கில் உருட்டி, 1995 என்றோ 2000 என்றோ போட்டுவிடுகிறது. சில வீடுகளில் பெற்றோரே உட்கார்ந்து போட்டுத் தருகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அந்த நிறுவனத்துக்கு அது முழு வளர்ந்த ஆள். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கைத் தானாகவே, அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கும் தனிக்கணக்காக மாற்றி, அறிமுகமில்லாதவர்கள் மெசேஜ் அனுப்பாதபடி வைக்கத் தொடங்கியது. 16-க்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். யூடியூப் 2021-இலிருந்து 13 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு ஆட்டோபிளேயை, அதாவது அடுத்த வீடியோ தானாக ஓடுவதை, அணைத்தே தருகிறது. பிறந்த வருடம் பொய்யென்றால் இதில் ஒன்றும் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. விளம்பரங்கள்கூடப் பெரியவர்களுக்கானவையே வரும். காசு கொடுத்து ஆப் வாங்குவதற்கு முன், இந்த ஒரு எண்ணைச் சரிசெய்யுங்கள். பழைய கணக்கில் மாற்ற முடியாவிட்டால் அதை மூடிவிட்டு, சரியான வயதோடு புதிதாகத் திறந்து கொடுங்கள். நண்பர்கள் பட்டியல் போய்விடும் என்று அழுவார்கள்தான். அழட்டும்.

மகன் விஷயம் வேறு. அவனுக்குத் தனிப் போன் கிடையாது. கூடத்தில் டேப், அதில் யூடியூப். அவனுக்குப் பொக்லைன் வீடியோ என்றால் உயிர். மண்ணை அள்ளுவது, லாரியில் கொட்டுவது, பக்கெட் பல் மாற்றுவது. ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். முதலில் நிஜமான பொக்லைன், ஒரு ஓடையைத் தூர் வாரிக்கொண்டிருந்தது. முடிந்ததும் தானாகவே அடுத்தது: பொம்மைப் பொக்லைனைப் பெட்டியிலிருந்து எடுக்கும் வீடியோ. அதற்கடுத்து, கார்ட்டூன் உருவங்களைப் பொம்மைப் பொக்லைன் நசுக்குகிறது. அப்புறம், யாரோ ஒருவன் தன் தம்பியை ஏமாற்றி அழவைத்து, அதைப் படம் பிடித்துச் சிரிக்கிறான். மகன் எதையும் தேடவில்லை, விரல்கூட அசையவில்லை. ஆரம்பத்தில் "அம்மா, பாரேன், பல்லு மாத்துறாங்க" என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தவன், நாலாவது வீடியோவில் பேச்சே இல்லாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பொறுத்தவரை அந்த முகம்தான் அளவுகோல். எத்தனை நிமிடம் என்பதைவிட, பேசிக்கொண்டு பார்க்கிறானா, பேச்சு நின்று பார்க்கிறானா என்று கவனிக்கிறேன்.

அன்றே ஆட்டோபிளேயை அணைத்தோம். அடுத்து, ஹிஸ்டரியை இருவரும் சேர்ந்து திறந்தோம். இதை எல்லாப் பெற்றோருக்கும் பரிந்துரைக்கிறேன். ஹிஸ்டரியைத் தனியாக நோட்டம் விடுவதைவிட, பிள்ளையையே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனால் நிறைய தெரியவரும். "இது பிடிச்சுதாடா?" "பிடிச்சுது." "இது?" "இது நான் போடலம்மா, அதுவா வந்துச்சு." அதுவாக வந்தவற்றை நீக்கினோம். "விருப்பமில்லை", "இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே" என்ற இரண்டையும் எங்கே தட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன். இப்போது அவனே தட்டுகிறான். இதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸில், பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்களும் வீடியோக்களும் மட்டும் வரும்படி வைக்கலாம், தேடலே இருக்காது. ஐந்து வயதுவரை அதுவே போதும் என்பேன். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு, 2021-இல் வந்த, பெற்றோர் கட்டுப்படுத்தும் மேற்பார்வைக் கணக்கில் மூன்று படிகள் இருக்கின்றன. 9 வயதுக்கு முதல் படி.

"சொன்னா எடுத்து வைக்கவே மாட்டேங்கிறான்" என்று பிள்ளையைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். அது செய்த கெடுதலுக்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். நிறுத்த ஓர் இடம் இல்லாதபடி செய்து வைத்த பொருளைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, நிறுத்தத் தெரியவில்லையே என்று அடிப்பது நியாயமில்லை. நிறுத்துமிடத்தை நாம்தான் வைத்துத் தர வேண்டும். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ முடிந்த பின் எடுங்கள். நடுவில் பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும்.

இப்போது மகள். எனக்கு மிக முக்கியமான பகுதி இது.

அவளுக்கு 12 வயது இருக்கும்போது, கூட்டாக ஆடும் ஒரு விளையாட்டில் புதிதாக ஒருவர் அவள் அணிக்கு வந்தார். தன்னைப் பெண் என்றும் 13 வயது என்றும் சொல்லிக்கொண்டார். நன்றாக ஆடுகிறாய் என்று புகழ்ச்சி. பிறகு, விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்க வேண்டிய உடை ஒன்று பரிசாக வந்தது. எந்த வகுப்பு என்ற கேள்வி. அடுத்து, "இங்க பேச வேண்டாம், வேற ஆப்புக்கு வா." இத்தனைக்கும் மகளுக்கு எதுவும் உறுத்தவில்லை. உறுத்தியது அடுத்த கேள்விதான்: "உன் அம்மா உன் போனைப் பார்ப்பாங்களா?"

டேப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, இவங்க ஏன் இதைக் கேக்குறாங்க?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டாளே, எந்த ஆப்பாலும் எனக்கு அதைக் கொண்டுவந்து தந்திருக்க முடியாது. என் கை நடுங்கியது உண்மை. குரலை உயர்த்தவில்லை. "நல்ல வேளை கேட்டே. வா, உக்காந்து படிப்போம்" என்றேன். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். இந்த வரிசை முக்கியம்: பதற்றத்தில் முதலிலேயே பிளாக் செய்துவிட்டால் சில இடங்களில் பேச்சு முழுக்க மறைந்துவிடும், பிறகு புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்து விளையாட்டுக்குள்ளேயே புகார், அதன் பிறகு பிளாக். அவளோடு ஆடும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் தகவல் சொன்னேன். அரட்டையை, நேரில் தெரிந்த நண்பர்களோடு மட்டும் என்று மாற்றினோம்.

விளையாட்டைப் பறிக்கவில்லை. இதற்காக என் வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு வாங்கினேன். "இவ்வளவு நடந்தும் மறுபடி குடுக்கிறியே" என்றார் மாமியார். அவர் கவலையில் பாசம்தான் இருந்தது. ஆனால் சொல்ல வந்த பிள்ளைக்குக் கிடைத்த கூலி, பிடித்ததை இழப்பது என்றால், அடுத்த முறை எந்தப் பிள்ளை சொல்லும்? இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள், "நான் ஏதாவது தப்பு பண்ணேனாம்மா?" என்று. தப்பு அந்த ஆளுடையது, நீ செய்தது முழுக்கச் சரி என்று நேராகச் சொன்னேன். பிள்ளைகள் இதைத் தாங்களாக யூகித்துக்கொள்ள மாட்டார்கள், வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பையன்களைப் பெற்றவர்கள் இது பெண்பிள்ளை விவகாரம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். பெண் மாதிரி பேசி, ஒரு அந்தரங்கப் படம் வாங்கி, சில மணி நேரத்திலேயே "காசு அனுப்பு, இல்லையென்றால் உன் நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டும் கும்பல்கள் அதிகம் குறிவைப்பது 14 முதல் 17 வயதுப் பையன்களைத்தான் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ தொடர்ந்து எச்சரிக்கிறது. பயத்திலும் அவமானத்திலும் உயிரை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை வீட்டில் பேசக் கூச்சப்பட நமக்கு உரிமை இல்லை. மகளிடம் சொல்லிவிட்டேன், மகனிடம் அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்வேன்: யார் மிரட்டினாலும் காசு அனுப்பாதே, அனுப்பினால் இன்னும் கேட்பார்கள். மெசேஜை அழிக்காதே. எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு. என்ன படம், ஏன் அனுப்பினாய் என்று முதல் நாள் நான் கேட்க மாட்டேன்.

18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவும் என்ற பயம் இருந்தால், அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. பெயர் கொடுக்க வேண்டாம், எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனைவிட்டு எங்கும் போகாது. படத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண் கைரேகை மட்டும் போகும். சேர்ந்துள்ள தளங்கள் அந்தக் கைரேகையை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாம் அதில் உண்டு. இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கே சொல்லி வையுங்கள். நம்மிடம் வர முடியாத நிலை அவர்களுக்கு வந்தாலும் அவர்களாகவே போகலாம்.

நம்மிடம் வர முடியாத நிலை என்று எழுதினேன், அது பற்றி ஒரு செய்தி. ஆபாசப் படம் வந்தால் போனே அதை மங்கலாக்கி, பிள்ளையை எச்சரிக்கும் வசதியை ஆப்பிள் 2021 இறுதியில் கொண்டுவந்தது. 13-க்குக் கீழே உள்ள பிள்ளை அந்தப் படத்தைத் திறந்தால் பெற்றோருக்குத் தகவல் போகும் என்பது முதல் திட்டம். பலர் எதிர்த்தார்கள், வெளியாகும்போது அந்தத் தகவல் அனுப்பும் பகுதியை எடுத்துவிட்டார்கள். பெற்றோருக்கு உள்ள உரிமை பறிபோகிறதே என்று என் தோழி ஒருத்தி கொதித்தாள். நான் ஆப்பிள் செய்தது சரி என்கிற கட்சி. எல்லா வீட்டிலும் அந்தத் தகவல் அணைத்துக்கொள்ளும் கைக்குப் போய்ச் சேராது. சில வீடுகளில் அடிக்கும் கைக்குப் போகும். போன் தானாகச் சொல்வதைவிட, பிள்ளை யாரிடம் சொல்வது என்று தேர்ந்தெடுத்துச் சொல்வது நல்லது. இதில் எனக்கும் தோழிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.

இருப்பிடம் பற்றியும் கேட்கிறார்கள். மகள் போன் வாங்கும்போதே மேப்பில் இருப்பிடம் பகிரச் சொன்னேன். "சரி, நீயும் எனக்கு ஷேர் பண்ணு" என்றாள். நியாயம்தானே? இப்போது நான், அவர், அவள் மூவரும் ஒருவருக்கொருவர் பகிர்கிறோம். நான் அலுவலகத்தில் தாமதமானால் முதலில் போன் செய்வது அவள்தான்.

16 வயதானதும் அவள் போனிலிருந்து என்னென்ன எடுப்பது என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். புதிய ஆப் போட என் அனுமதி கேட்பது முதலில் போகும். பத்து மணி வைஃபை போகாது, அது வீட்டுக்கே உரிய சட்டம். இருப்பிடத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அதை அப்போது பேசிக்கொள்வோம் என்று விட்டிருக்கிறோம்.